பார்வையாளர் வரிசையிலிருந்து: மன்றக் கூட்டங்கள் குறித்து வாசகர் கேள்வி–பதில்

நகர்மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் நேரில் சென்று கவனிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். தமிழ்நாட்டின் நடுத்தர அளவிலான நகராட்சி ஒன்றில் சொத்து வரி கட்டிக் குடியிருப்பவன். 2022இல் மன்றங்கள் மீண்டும் அமைந்தது முதல் எங்கள் ஊர்க் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து வருகிறேன். பதில்கள் அந்தப் பழக்கத்திலிருந்து வருபவை.

கேள்வி (ஊர்ப்பெயரைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்ட வாசகி): எங்கள் ஊர் மன்றக் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். வாயிலிலேயே நிறுத்தி, "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரிகையில் இல்லாதவர்களுக்கு அங்கே இடமே கிடையாதா?

பதில்: உண்டு. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் காலத்திலிருந்தே, மன்றக் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது என்பதும், எவரையேனும் வெளியேறச் சொல்ல வேண்டுமானால் தலைமை வகிப்பவர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் நம் உள்ளாட்சி விதிகளின் போக்காக இருந்து வந்திருக்கின்றன. அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு, 1998இல் இயற்றப்பட்டுப் பின்னர் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் புதிய விதிகளுடன் வந்திருக்கிறது. ஆனால் வாயிலில் நிற்பவரிடம் எளிதாக எடுத்துக் காட்டக்கூடியது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன்னிடமுள்ள மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்ற விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது.

நடைமுறையில் ஒரு யோசனை சொல்கிறேன். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாக ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். "கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து கவனிக்க விரும்புகிறேன், அனுமதி இல்லையெனில் எந்த விதியின் கீழ் என்று தெரிவிக்கவும்" என்ற இரண்டு வரிகள் போதும். பெரிய மாநகராட்சிகளில் உங்கள் வார்டு உறுப்பினர் மூலம் அனுமதிச் சீட்டு வாங்குவது வழக்கம். சிறிய ஊர்களில் பின்னால் நான்கு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். போய் அமர்ந்தால் போதும். முதல் முறை சந்தேகத்துடன் பார்ப்பவர்களே மூன்றாம் முறை நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார்கள். கைபேசியில் படம் பிடிக்காதீர்கள். அனுமதியில்லாத ஒரு காணொளியால், அடுத்து வரக்கூடிய பத்துப் பேருக்கும் கதவு அடைபடும்.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): செய்தித்தாளில் படிக்கிற கூட்டங்களில் கூச்சல், வெளிநடப்பு, தரையில் அமர்ந்து தர்ணா ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இதைப் பார்க்க ஒரு காலை நேரத்தை ஏன் செலவிட வேண்டும்?

பதில்: கூச்சல் உண்மைதான். ஆனால் கூட்டத்தின் உயிர் இருப்பது அஜெண்டா என்று எல்லோரும் சொல்கிற பொருள் நிரலில். அதை வாசித்துவிட்டுப் போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் ஒரே கூட்டம் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தெரியும்.

எங்கள் நகராட்சியில் அது நீளத் தாளில் அச்சிட்டு மூலையில் பின் அடித்த கட்டாக வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்ற குறிப்பு, பணியின் விவரம், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவு என்ற வரி ஆகியவை இருக்கும். கடைசியில் "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்றோ, "மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்" என்றோ ஒரு முடிப்பு இருக்கும். அந்த முடிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அனுமதிக்கு வருவது இனிமேல் நடக்கப்போவது. உறுப்பினர்கள் எதிர்த்தால் நிறுத்த முடியும். தலைவரின் முன்அனுமதியுடன் ஏற்கெனவே முடிந்துவிட்ட வேலையாக இருந்தால், மன்றத்திடம் கேட்கப்படுவது பின்னேற்பு மட்டுமே. குழாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடும்போது மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இப்படியொரு வழி தேவைதான். அவசரமே இல்லாத வேலைகளும் அந்த வழியாக வரத் தொடங்கியிருக்கின்றனவா என்பதைக் கவனிப்பது பார்வையாளரின் வேலை.

பொருள்கள் வாசிக்கப்படும் வேகத்தையும் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். எழுத்தர் எண்ணை மட்டும் படிப்பார், சில சமயம் "1 முதல் 30 வரை" என்று தொகுத்துப் படிப்பார், முன்வரிசையிலிருந்து "ஆல் பாஸ்" என்று ஒரு குரல் வரும், மேசை தட்டப்படும். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் பெருந்தொகைக்கான அனுமதிகள் நிறைவேறிவிடும். அதன் பிறகு, யாருடைய பெயர் கல்வெட்டில் விடுபட்டது என்பது பற்றி நெடுநேரம் வாக்குவாதம் நடக்கும். மறுநாள் செய்தியில் இடம்பெறுவது அந்த வாக்குவாதம். எனக்கு இது ஆழ்ந்த வருத்தம் தருவது. ஏனெனில் நம் தெருவின் வடிகால் எந்த மாதம் தோண்டப்படும், எந்த அளவில் கட்டப்படும், யாருக்கு ஒப்பந்தம் போகிறது என்பதெல்லாம் அந்த மேசை தட்டலில்தான் முடிவாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் ஊர் நீரேற்று நிலையம் ஒன்றின் மோட்டார் பழுதுபார்ப்பு, அடுத்தடுத்த கூட்டங்களின் நிரலில் பின்னேற்புக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் தொகை சிறியது என்பதால் யாருடைய கண்ணிலும் படவில்லை. பழைய நிரல்களைச் சேர்த்து வைத்திருந்ததால் அந்த வரிகளை ஒரே தாளில் எழுதி எங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுக்க முடிந்தது. அந்த அம்மா அடுத்த கூட்டத்தில் எழுந்து, எந்தக் குற்றச்சாட்டும் சொல்லாமல், "ஒரே மோட்டாருக்கு ஏன் திரும்பத் திரும்பக் காயில் கட்டுகிறோம்?" என்று மட்டும் கேட்டார். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் மோட்டார் எரிந்துபோகிறது, மின்பலகையை மாற்றாமல் மோட்டாரை மட்டும் சரிசெய்வதால் பயனில்லை என்று பொறியாளர் விளக்கினார். அடுத்து வந்த நிரலில் புதிய மின்பலகைக்கான மதிப்பீடு இருந்தது. முறைகேடு என்று யாரும் கருதத் தேவையில்லாத, கேட்க ஆளில்லாததால் மட்டுமே நீடித்த ஒரு வீண்செலவு அது. மன்றக் கூட்டங்களில் பார்வையாளர் கண்டுபிடிப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே.

கேள்வி (சென்னை, பெரம்பூர் வாசகர்): மன்றமே இல்லாத காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் உண்மையில் எதை இழக்கிறோம்?

பதில்: இந்தக் கேள்வியைச் சென்னையிலிருந்து ஒருவர் கேட்பது பொருத்தமானது. 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. ஆனாலும் 1973இல் மன்றம் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை அங்கே தேர்தல் நடக்கவில்லை. ஒரு தலைமுறை வாக்காளர்கள் கவுன்சிலர் என்ற ஒருவரையே அறியாமல் வளர்ந்தார்கள். மீண்டும் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபோது, 2022 பிப்ரவரி 19ஆம் தேதி வாக்குப்பதிவு நடக்கும்வரை, சென்னை மட்டுமின்றித் தமிழ்நாட்டின் எல்லா மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. கொரோனாவின் கடுமையான இரண்டு அலைகளையும் சென்னையின் வார்டுகள் கவுன்சிலர் இல்லாமலேயே கடந்தன.

தனி அலுவலர் காலத்தில் தீர்மானங்கள் நின்றுபோகவில்லை. ஆணையர் என்ற முறையில் ஓர் அதிகாரி முன்மொழிவை எழுதுவார். தனி அலுவலர் என்ற முறையில் அவரே மன்றத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதற்கு ஒப்புதல் தருவார். அந்த அதிகாரி நேர்மையானவராகவும் திறமையானவராகவும் இருக்கலாம், அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் எழுதியவரைத் தவிர வேறொருவர் அந்தத் தாளைப் படித்து, "இது ஏன்?" என்று பலர் முன்னிலையில் கேட்கும் வாய்ப்பு அங்கே இல்லை. குப்பை அள்ளப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதை அள்ளும் ஒப்பந்தம் எந்த நிபந்தனைகளோடு எத்தனை ஆண்டுகளுக்குத் தரப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்பதற்கான இடமே மன்றம். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளிலும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள் என்பதை இந்த இடத்தில் கவலையோடு நினைவூட்டுகிறேன்.

கேள்வி (ஈரோடு வாசகி): எங்கள் வார்டு உறுப்பினர் பெண். ஆனால் எதற்கும் அவருடைய கணவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டத்திலும் இப்படித்தானா?

பதில்: உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 2016இல் வந்தது, 2022இல் நகர்ப்புற மன்றங்கள் அந்த ஏற்பாட்டோடு அமைந்தன. நீங்கள் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். தொடக்கக் கூட்டங்களில் பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர் உறுப்பினர்களின் கணவர்களே. மனைவி எழுந்து பேசும்போது இங்கிருந்து தலையசைப்பார்கள். சில சமயம் துண்டுச் சீட்டு முன்வரிசைக்குப் போகும்.

ஆனால் ஆண்டு செல்லச் செல்ல நான் கண்ட மாற்றத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீர், அங்கன்வாடி, கழிப்பிடம், தெருநாய் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது பெண் உறுப்பினர்கள் சீட்டை எதிர்பார்ப்பதில்லை. எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்கிறார்கள். மோட்டாரைப் பற்றிக் கேட்டவரும் தொடக்கத்தில் ஒரு வார்த்தை பேசாதிருந்தவர்தான். ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனுவைக் கணவரிடம் கொடுக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் உறுப்பினரையே நேரில் பார்த்து, அவர் பேசிய ஒரு விஷயத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாயும், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாயும், பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாயும் மதிப்பூதியம் தரப்படுகிறது. அது அவருடைய பதவிக்கு உரியது, குடும்பத்துக்கு உரியதன்று.

கேள்வி (மதுரை வாசகர்): கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள், அங்கே நகர மன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்கிறாள். அது எப்படி அங்கே சாத்தியமாயிற்று?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. கலிபோர்னியாவில் 1953இல் பிரவுன் சட்டம் என்று அழைக்கப்படும் திறந்த கூட்டச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் மூடிய அறைகளில் முடிவெடுத்துவிட்டு வெளியே வந்து கைதூக்குவதைப் பற்றி சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வெளியான கட்டுரைத் தொடர் அதற்குத் தூண்டுதலாக இருந்தது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலைப் பொதுமக்கள் காணும்படி வெளியிட வேண்டும் என்றும், நிரலில் இல்லாத பொருளில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது என்றும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் இப்போது வலியுறுத்துகிறது. இவற்றுள் நமக்கு முதலில் வேண்டியது அந்த 72 மணி நேரம்தான் என்பது என் கருத்து. பேசும் உரிமை பிறகு வரட்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பது மூன்று நாட்களுக்கு முன்பு தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

அங்கெல்லாம் இது எளிதாக வந்துவிடவில்லை என்பதற்குப் பிரிட்டனின் வரலாறு சான்று. வேல்ஸ் பகுதியின் டென்பி என்ற சிறு கடலோர ஊரில், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவரை மன்றக் கூட்டத்துக்குள் வரக் கூடாது என்று மன்றம் தடுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கூட்டத்தில் இருக்கப் பத்திரிகையாளருக்கு உரிமை எதுவும் இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் விளைவாக அதே ஆண்டு பத்திரிகையாளர்களை அனுமதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது: மன்றம் முழுவதும் தன்னை ஒரு குழுவாக அறிவித்துக்கொண்டால் கதவை மூடிக்கொள்ளலாம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த ஓட்டையை அடைத்து, பொதுமக்களுக்கும் சேர்த்து உரிமை தந்த 1960ஆம் ஆண்டின் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது புதிதாக நாடாளுமன்றத்துக்கு வந்திருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப் பேச்சே அந்த மசோதாவை முன்வைத்துத்தான். இங்கிலாந்தில் 2014 முதல் கூட்டத்தைப் படம் பிடிக்கவும் பதிவு செய்யவும் எவருக்கும் உரிமை உண்டு.

சட்டத்தைவிட என்னை அதிகம் கவர்ந்தது ஒரு பழக்கம். அமெரிக்காவில் 1920இல் தொடங்கப்பட்ட பெண் வாக்காளர் கழகத்தின் ஊர்க் கிளைகள் பலவற்றில், உறுப்பினர்கள் உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் பார்வையாளர்களாக அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் கழகத்தின் சார்பில் அங்கே பேசுவதில்லை. வந்தார்கள், கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள் என்பதோடு சரி. நம் ஊர்க் குடியிருப்போர் நலச் சங்கங்கள் முறை வைத்துக்கொண்டு மாதம் ஒருவரை அனுப்பினால் போதுமே என்று பல முறை எண்ணியிருக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தி நம் குறையைச் சொல்லலாமா?

பதில்: கூடாது. மன்றத்தில் பேசும் உரிமை உறுப்பினர்களுக்கும், விளக்கம் தரும் அதிகாரிகளுக்கும் மட்டுமே. பார்வையாளர் குறுக்கிட்டால் வெளியேற்றப்படுவார், அது நியாயமும்கூட.

நாம் பேசுவதற்கான இடம் பகுதி சபை. கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் ஓர் அவை இல்லையே என்ற நெடுநாள் குறையைப் போக்க, வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்பது, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசமைப்புத் திருத்தம் சொன்னது. அது நம்மிடம் வந்து சேர 29 ஆண்டுகள் ஆயின. இப்போது அந்தச் சபைகளுக்கு ஆள் வராததால் அவை வெறும் கையெழுத்துச் சடங்காக முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. உங்கள் பகுதிச் சபை எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள். அது பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். பிறகு மன்றக் கூட்டத்தில் அமர்ந்து, அந்தக் குறை நிரலில் ஒரு பொருளாக வருகிறதா என்று கவனியுங்கள். சபையில் பேசுவதும் மன்றத்தில் மௌனமாகக் கவனிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

கேள்வி (திண்டுக்கல், கல்லூரி மாணவி): குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்? பிறகு அதை வைத்து என்ன செய்வது?

பதில்: வருகையை முதலில் எழுதுங்கள்: யார் வந்தார்கள், யார் கையெழுத்திட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து போனார்கள் என்று. அடுத்து, பொருள் எண் வாரியாக முடிவை எழுதுங்கள். நிறைவேறியதா, ஒத்திவைக்கப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதுதான் வேண்டும். பேச்சாளரின் அடைமொழிகள் வேண்டாம். ஓர் அதிகாரி வாக்குறுதி தந்தால் அதை அவருடைய சொற்களிலேயே, தேதியோடு எழுதுங்கள். "வரும் வாரம் முடித்துவிடுகிறோம்" என்ற வாக்கியம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்க ஓர் உறுப்பினர் முன்வருவார்.

கூட்டம் முடிந்த பிறகுதான் பார்வையாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருப்பதும் நீங்கள் கேட்டதும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தீர்மான நகல் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நகல் வேண்டாம், ஆவணத்தை நேரில் பார்க்கிறேன் என்றும் கேட்கலாம்; முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அந்தச் சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஓர் உரிமையும் இருக்கிறது: நடந்து முடிந்த பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் நீங்கள் கேட்க முடியும்.

ஒரு பணியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடருங்கள். மன்றத்தின் அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பதிவு, கடைசியாக ஒப்பந்ததாரருக்கான பட்டியல் (பில்) தொகை என்று அது நகரும். ஒரே தெருவின் வடிகாலை மூன்று துண்டுகளாகப் பிரித்து மூன்று பொருள்களாகக் கொண்டு வந்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். பிறகு அந்தத் தெருவுக்கே போய் நில்லுங்கள். மதிப்பீட்டில் எழுதிய அகலமும் தரையில் இருக்கும் அகலமும் ஒன்றா என்று அறிய ஓர் அளவு நாடா போதும். அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். வேலை எந்த நாளில் நடந்தது, எத்தனை நாள் நின்றுபோனது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (திருச்சி வாசகர்): பத்திரிகையாளர்கள் இருக்கும்போது நாம் எதற்கு?

பதில்: ஓர் உள்ளூர்ச் செய்தியாளர் ஒரே நாளில் மன்றக் கூட்டம், ஆர்ப்பாட்டம், விபத்து என்று ஓட வேண்டியிருக்கிறது, அவருக்குக் கிடைக்கும் இடமோ கால் பத்தி. ஒரு மோட்டாரை மாதக் கணக்கில் பின்தொடர அவரால் முடியாது. அந்தப் பகுதியில் குடியிருக்கிறவரால் முடியும். நல்ல செய்தியாளர்கள் பார்வையாளரைப் போட்டியாளராக நினைப்பதில்லை, குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி (கடலூர் வாசகர்): ஆளுங்கட்சிக்கு எதிரானவர் என்ற முத்திரை விழாதா?

பதில்: விழும். அது உதிர்வதும் நம் நடத்தையைப் பொறுத்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் நிரலைப் படிக்காமல் வெளிநடப்புச் செய்தால் அதையும் அதே மையில் எழுத வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் தம் கட்சித் தலைவரின் முகம் கோணும் என்று தெரிந்தும் ஒரு நல்ல கேள்வி கேட்டால் அதையும் எழுத வேண்டும். குறிப்புகளைக் கூட்டம் முடிந்ததும் எந்தத் தரப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் முதலில் அனுப்பாதீர்கள். அதிகாரி ஒருவர் சரியாகச் செய்ததைப் பாராட்டி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குறை சொல்லும்போது உங்கள் சொல்லுக்கு எடை கிடைப்பது அதனால்தான். தேர்தல் காலத்தில் எந்த மேடையிலும் ஏறாதிருப்பது இன்னும் நல்லது.

கேள்வி (வேலூர் வாசகர்): எல்லா முடிவும் மாநில அரசிடம் இருந்து வரும்போது, அதிகாரமே இல்லாத மன்றத்தைக் கவனித்து என்ன பயன்?

பதில்: இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். விகிதங்களை அறிவித்தது மாநில அரசு. 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தைப் பெறச் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன் பின்னால் இருந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டன, எதிர்ப்பவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், உயர்வு வந்தது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனி வாரியத்திடம் இருக்கின்றன. மேயரையும் தலைவரையும் 2022இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். அரசமைப்பின் 12ஆவது அட்டவணை உள்ளாட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டிருந்தாலும், அவற்றில் எத்தனை முழுமையாகக் கைமாறின என்பது நியாயமான கேள்வி.

ஆனால் மீதமிருப்பது சிறியதன்று. எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எந்த வார்டுக்கு எத்தனை விளக்கு, நகராட்சிக் கடைகளின் ஏலம், வாரச்சந்தை வசூல், குப்பைக் கிடங்கு, பூங்காப் பராமரிப்பு, மழைநீர் வடிகாலைத் தூர்வாரும் தேதி ஆகியவற்றில் மன்றத்தின் சொல்லுக்கு உயிர் இருக்கிறது. மாநில அரசிடம் இருந்து வரும் முடிவைக்கூட, மன்றம் வாய் திறக்காமல் ஏற்றதா, எதிர்ப்பைக் காரணங்களுடன் தீர்மானத்தில் பதிந்ததா என்பது பிற்காலத்துக்கான சாட்சியமாகிறது.

எல்லாக் கூட்டங்களுக்கும் போக முடியாதவர் ஒரே ஒரு கூட்டத்தையாவது தவறவிடாதிருக்க விரும்பினால், நிதியாண்டு முடிவதற்கு முன் நடக்கும் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தைச் சொல்வேன். அந்தப் புத்தகத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்குகள் தனித்தனியாக இருக்கும். வரும் ஆண்டுக்கான அறிவிப்புகளில் மனத்தைச் செலுத்தாமல், நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு என்ற பத்திக்குப் போங்கள். சென்ற ஆண்டு கைதட்டலோடு அறிவித்த பணிக்கு எவ்வளவு செலவானது என்பது அங்கேதான் தெரியும். கல்வி நிதியில் தொகை தேங்கி நிற்கும்போது மாநகராட்சி அல்லது நகராட்சிப் பள்ளியின் கழிப்பறைக்குக் கதவு இல்லாதிருக்கிறதா என்று பாருங்கள். சொத்து வரியோடு சேர்த்து நம்மிடம் வசூலித்த நூலக வரி, நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா, நிலுவை எவ்வளவு என்ற வரியையும் தேடுங்கள். கிடைக்காவிட்டால், கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த ஒரு கேள்வியை எழுதி உங்கள் வார்டு உறுப்பினரின் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை நேரத்தோடு போய்ப் பின்வரிசையில் இடம்பிடித்து அமருங்கள்.